அண்ணாச்சியின் பாயின்ட் டூ டூ

பாலக்காடு மாவட்டத்திலிருந்து இடுக்கி மாவட்டத்துக்குப் போக எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல வழி தமிழ்நாடுதான். கொழிஞ்சாம்பாறையில் புறப்பட்டால் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அப்புறம் சின்னாறு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் மறுபடியும் கேரளம். 2024 ஜூன் மாதம் நான் அந்த வழியாக மறையூருக்குப் போனபோது பையில் இரண்டு வேட்டி, மொழிபெயர்த்துக்கொண்டிருந்த புத்தகம், கூடவே நான்கு சின்னக் குப்பிகளில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. செக்போஸ்டில் பையைத் துழாவிய இளைஞர், "டெய்லரா?" என்று கேட்டார். இல்லை, மொழிபெயர்ப்பாளன் என்றேன். அந்தப் பதில் அவருக்கு எண்ணெயை விளக்கவில்லை.

எண்ணெய் அண்ணாச்சிக்கு. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மூணாறு மலைகளில் கொழுந்து கிள்ளியவர்களின் பெரும்பகுதி அங்கிருந்துதானே போனது? அவர் பெயரை எழுதப் போவதில்லை. துப்பாக்கி இருக்கும் வீடு எது என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கடைப்பிடிக்கும் முதல் விதி. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அவரிடம் இருப்பது பி.எஸ்.ஏ. கம்பெனியின் பாயின்ட் 22 ரைபிள். இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1950 வாக்கில் செய்தது. பி.எஸ்.ஏ. என்ற பெயரை நம்மில் பலர் சைக்கிளில் படித்து வளர்ந்தோம். 1861ல் அந்தக் கம்பெனி தொடங்கியது துப்பாக்கி செய்வதற்காகத்தான். மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய அந்த முத்திரை அண்ணாச்சியின் ரைபிளில் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார சூப்பரின்டென்டென்டிடமிருந்து - தோட்டத்துப் பேச்சில் பெரிய தொரை - 1975ல் லைசென்ஸோடு முறையாக வாங்கியது.

நான் போன காரணம் வேறு. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது பழைய தோட்டக்காரர் ஒருவரின் வேட்டை நினைவுகள். அதில் 'பிரீச்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். அகராதி 'துப்பாக்கியின் பின்புறம்' என்றது. கட்டையும் பின்புறம்தானே என்று குழம்பி, நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். போன நேரம் சரியில்லை. அண்ணாச்சி துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

"பாருங்க தம்பி, புள்ளைய அனுப்பி வச்சேன். சொறியோட வந்திருக்கு."

நடந்தது இதுதான். 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வழக்கம்போல அதை ஒப்படைக்க வேண்டியிருந்தது. கேரளத்தில் ஏப்ரல் 26ல் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை ஜூன் 4ல். இடையில் கோடை மழை வந்தது, பின்னாலேயே தென்மேற்குப் பருவமழையும் வந்தது. ஒப்படைத்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே வேறு பல துப்பாக்கிகளோடு இதையும் ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது குழலின் மேல், சுவரைத் தொட்ட இடத்தில், கட்டைவிரல் நகத்தளவுக்குச் செந்துரு.

எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை வாங்கி வைக்கக் கூடாது, யாரிடம் வாங்க வேண்டும் என்பதை ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதற்கென மாவட்டக் குழுவும் உண்டு. ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவர், 'என் பெயரைப் பரிசீலியுங்கள்' என்று மனு எழுதிக்கொண்டு அலைவதைவிடக் கொடுத்துவிட்டு வருவது எளிது.

பாயின்ட் 22 என்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டரில் சொன்னால் ஐந்தரைக்குச் சற்று மேல். பள்ளிக்கூடப் பென்சிலைவிடச் சின்னது. இன்று உலகம் முழுவதும் ஓடும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887ல் அமெரிக்காவில் உருவானது. அதன் ஈயக் குண்டு ஏறக்குறைய இரண்டரை கிராம் எடை. சாதாரண வகைத் தோட்டாவில் அது ஒலியின் வேகத்தை எட்டாது. அதனால்தான் பெரிய ரைபிளின் இடி இதில் இல்லை. கிளை முறிவது போன்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். தோளில் உதைக்காது. விலையும் மலிவு. இங்கிலாந்தில் காகக் கூட்டத்தையும் முயலையும் சுடச் செய்த சின்ன ரைபிள்களின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. அங்கிருந்து துரைமார்களின் பெட்டிகளில் மலையேறி வந்தது. விளையாட்டு அரங்குகளில் இன்றும் ராஜா இதுதான். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வாங்கியது இதே சின்னத் தோட்டாவை வைத்துத்தான்.

விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மைல் தள்ளி நிற்பவருக்கும் இதனால் ஆபத்து உண்டு. சத்தம் குறைவு என்பதே இதன் பெருமை, இதன் கெட்ட பெயரும் அதுவே. மலை அணில், காட்டுக்கோழி, சருகுமான், கேளையாடு என்று சத்தமில்லாமல் காட்டைக் காலி செய்தவர்கள் கையில் இருந்ததும் இதுதான். லைசென்ஸ் இல்லாத பாயின்ட் 22 பிடிபட்டது என்று பேப்பரில் வரும்போதெல்லாம் அண்ணாச்சி அந்தப் பக்கத்தை மடித்துக் கீழே வைத்துவிடுவார். தன் குடும்பத்துப் பையன் போலீஸில் மாட்டிக்கொண்டதைப் படிப்பது போல அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த மலைகளின் சரித்திரத்தில் துப்பாக்கியைத் தவிர்த்துவிட்டு எதையும் சொல்ல முடியாது. 1877ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கிய ஜான் டேனியல் மன்ரோ வேட்டைப் பிரியர். பின்னால் வந்த தோட்டக்காரர்கள் வேட்டைக்கென ஒரு சங்கம் வைத்து, இரவிகுளத்தைத் தங்கள் வேட்டைக் காடாகக் காத்து, முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். சுடுவதற்காகக் காத்த வரையாடுகள்தான் பிழைத்துக் கிடந்து, 1975ல் சரணாலயத்துக்கும் 1978ல் தேசியப் பூங்காவுக்கும் காரணமாயின. மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் சுவரில் தொங்கும் கொம்புகளைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. இரவிகுளத்தின் பாறைகளில் நிற்கும் ஆடுகளைப் பார்க்கும்போது அந்த எரிச்சலை முழுதாக வைத்துக்கொள்ளவும் முடிவதில்லை. 1933ல் திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி மறையூரிலும் முகாமிட்டார், எங்கள் மாவட்டத்துப் பறம்பிக்குளம் காட்டில் குரியார்குட்டியிலும் தங்கினார். அன்றைய பறவை ஆராய்ச்சிக்கும் துப்பாக்கி வேண்டியிருந்தது. பறவையைச் சுட்டு, தோலைப் பாடம் செய்து, சீட்டுக் கட்டி மியூசியத்துக்கு அனுப்பினார்கள்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டியது. 1991ல் வந்த திருத்தம், அனுமதிச் சீட்டு வாங்கி வேட்டையாடுவதையும் நிறுத்தியது. அதற்குள் 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியையும் அரசு நிறுத்திவிட்டிருந்தது. இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. காட்டில் வேலை இல்லாமல் போன பழைய பி.எஸ்.ஏ.க்களுக்கும் செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோக்களுக்கும் வீட்டில் விலை ஏறிவிட்டது. இனி வராது என்பதால் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அண்ணாச்சி கொடுத்தது 1975ல் அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

எண்ணெய்க் குப்பிகளை வாங்கிக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றினார். பிறகு போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்தார். சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன் இதே மாதிரி பார்த்ததைச் சொன்னேன். "அது அப்பம்" என்றார். போல்ட்டை முழுதாக உருவி எடுத்ததும் குழலின் பின்பக்கத் துவாரம் தெரிந்தது. தோட்டா நுழையும் வாய். 'பிரீச்' அதுதான். 'பின்வாய்' என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பழைய சின்ன ரைபிளைக் கெடுப்பது பெரும்பாலும் சுடுவது அல்ல, துடைப்பது. கம்பியை முன்வாய் வழியாக விட்டுத் துடைத்தால் அது விளிம்பில் உரசி உரசி, குண்டு வெளியேறும் கடைசி இடத்தைத் தேய்த்துவிடும். அந்த விளிம்பு கோணினால் குறி கோணும். எப்போதும் பின்வாய் வழியாகத்தான் துணி போக வேண்டும். இரும்புக் கம்பி கூடாது. பித்தளைக் கம்பி, அல்லது நுனியில் துணி கோத்து இழுக்கும் கயிறு நல்லது. அண்ணாச்சியின் துணி, பழைய மல் வேட்டி. ஈயக் குண்டில் மெழுகுப் பூச்சு இருப்பதால் பாயின்ட் 22க்குத் தினமும் தேய்ப்பு வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. அளவுக்கு மீறிய சுத்தத்தால் செத்த ரைபிள்களை அவர் பார்த்திருக்கிறார்.

1920களுக்கு முந்திய குழல்கள் பலவற்றின் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருக்கும். அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் அது உப்பாகக் குழலில் படிந்தது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், ஈரம் இரும்பைக் குடிக்கும். இதில் வேடிக்கை, எண்ணெயில் அந்த உப்பு கரையாது. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் உப்பு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். அதற்கு மருந்து கொதிக்கும் தண்ணீர். அந்தக் காலத்துத் துரைமார் வீட்டுச் சமையல்காரருக்கு வேட்டை முடிந்த மாலையில் முதல் வேலை வெந்நீர் வைப்பது. குளிப்பதற்கு மட்டும் அல்ல.

என்ன எண்ணெய் என்பது இந்த மலையில் பெரிய கேள்வி. கேரளத்தில் எதற்கும் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். பாலக்காட்டு வெயிலில் அது எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் நெய். "மூணாருல டிசம்பர் மாசம் தேங்கா எண்ணெ போட்டு வச்சா போல்ட் நகராது தம்பி. கட்டிப்போய் நிக்கும். பொறவு அது சிக்குப் பிடிச்சு, தூசியெல்லாம் ஒட்டி..." அவர் முகம் சுளித்தார். அதனால்தான் தையல் மெஷின் எண்ணெய். அதுவும் சொட்டு போதும். துணியில் தொட்டுத் துடைத்தபின், உண்டா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். வழிய ஊற்றினால் அது கீழே இறங்கிக் கட்டையை ஊற வைத்து மெதுவாக்கிவிடும். மரத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும்.

மூணாறிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே ஆளை அடிக்கும் மழை, இங்கே சந்தனம் வளரும் மழை மறைவு பூமி. ஓய்வு பெற்று இங்கே வந்ததும் ரைபிளின் இரும்புக்கு ஆயுள் கூடியது, மரத்துக்குக் குறைந்தது என்கிறார். வறட்சியில் கட்டை சுருங்கி ஸ்க்ரூ தளரும். தளர்ந்ததே என்று இறுக்கினால், மழைக்காலத்தில் மரம் ஊதிக் குழலை நெருக்கும். குறி இரண்டு விரல் தள்ளிப் போகும். பருவத்துக்கு ஒருமுறை கால் திருப்பு, அவ்வளவுதான். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவது அழகாகத் தோன்றும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அவருடைய ரைபிள் இரும்பு அலமாரியில் துணியில்லாமல் நிற்கிறது. அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். மகள் வாங்கும் செருப்பு டப்பாக்களில் வருவதையெல்லாம் சேர்த்து, வாணலியில் வறுத்து மறுபடி வைக்கிறார். போல்ட் வேறொரு பூட்டில், தோட்டா மூன்றாவது பூட்டில். மூன்று சாவியும் ஒரே வளையத்தில் இருக்காது.

செந்துருவை எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. உப்புத்தாள் வாங்கி வந்திருக்கலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் இனி அந்த வீட்டுக்கு வரலாமா என்பதே சந்தேகமாகிவிட்டது. குழலின் கருநீலம் பெயிண்ட் அல்ல. அதுவும் ஒருவகைத் துருதான். வேண்டுமென்றே ஏற்றி, கருப்பாக நிறுத்திய இரும்பு ஆக்ஸைடு. செந்துரு உள்ளே போகாமல் காக்கும் தோல் அது. உப்புத்தாள் இரண்டையும் சேர்த்து உரித்துவிடும். அண்ணாச்சி எண்ணெயில் ஒரு மணி நேரம் ஊற வைத்தார். பிறகு பூஜை அறையிலிருந்து ஓர் ஓட்டைக் காலணாவைக் கொண்டுவந்து அதன் விளிம்பால் மெல்லச் சுரண்டினார். எஃகைவிட மிருதுவான உலோகம். துருவைத் தூக்கும், எஃகைக் கீறாது. சிவப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் நீலமும் போய்விட்டது. புதிதாக நீலம் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. ஆனால் பளபளவென்று பாலிஷ் போட்டு, முத்திரை எழுத்துகளையெல்லாம் மழுக்கித் தருவார்கள். வழுக்கையானாலும் சொந்தத் தலை போதும் என்றார்.

இடையில் கரண்ட் போயிற்று. சும்மா இருக்க வேண்டாமே என்று சொல் ஆராய்ச்சியில் இறங்கினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனின் வியாதி. 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து வந்த சொல் என்றால் நம்ப மறுக்கிறவர்கள் உண்டு. திருக்குறளிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது உணவை உண்டாக்கும் மழையைப் பற்றிய குறள். 'துப்பு ஆக்கி'. அண்ணாச்சியிடம் சொன்னேன். "மழைதானே இந்தத் துப்பாக்கியத் துரு ஆக்கிச்சு?" என்றார். விசையை மலையாளத்தில் 'காஞ்சி' என்கிறார்கள். தொல்காப்பியத்தில் காஞ்சி, நிலையாமையைச் சொல்லும் திணை. இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டு என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேனா தயங்குகிறது.

இனி சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தில் பாயின்ட் 22க்கு ஒரு தனி மரியாதை உண்டு. ரைபிள் சங்க உறுப்பினர்கள் குறி பழக இதை வைத்திருந்தால் எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அண்ணாச்சி எந்தச் சங்கத்திலும் இல்லை. அவரிடம் மூன்று இருந்தன: பயிர்க் காவலுக்கு ஓர் இரட்டைக் குழல், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த பாயின்ட் 315, பிறகு இந்தச் சின்னது. 1983லிருந்து மூன்றுதான் உச்சவரம்பு. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. ஒரு வருஷத்துக்குள் ஒன்றை விட வேண்டும். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டுக்கு மேல் இல்லை.

எதை விடுவது? கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள்: பன்றி பெருகிவிட்டது, 315ஐயும் இரட்டைக் குழலையும் வைத்துக்கொண்டு பொம்மையைக் கொடுத்துவிடு. அவர் 315ஐ டீலரிடம் கொடுத்துவிட்டு வந்தார். 2022 மே மாதம், பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு வழங்கியது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது, லைசென்ஸ் துப்பாக்கி மட்டும். அப்போதுதான் ஊருக்கு அண்ணாச்சியின் ஞாபகம் வந்தது. கிழங்கும் வாழையும் ஒரே இரவில் போன விவசாயிகள் முற்றத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் சித்தூர்ப் பக்கத்திலும் அதே கதைதான். இரட்டைக் குழலோடு இரண்டு மூன்று முறை போய் வந்தார். ஒருநாள் ஒருவர், சத்தம் கேட்டு மற்றப் பன்றிகள் ஓடிவிடுகின்றன, அந்தச் சின்னதை எடுத்து வாருங்கள், காதுக்குப் பின்னால் வைத்தால் விழாதா என்று கேட்டார்.

"விழும். பத்துக்கு ரெண்டு விழும். மத்த எட்டும் குண்டோட ஓடும்."

இதைச் சொல்லும்போது அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். 1970 வாக்கில், துரைக்குத் துப்பாக்கி சுமந்த இருபது வயதில், இதே ரைபிளை ஒருநாள் அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். எழுபது கஜத்தில் ஒரு கேளையாடு. சுட்டார், பட்டது, ஆடு ஓடியது. சின்னக் குண்டுக்கு ரத்தம் அதிகம் சிந்தாது. புல்லில் அங்கொரு துளி இங்கொரு துளி. இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் ஓடைக்குப் பக்கத்தில் கண்டபோது அதற்கு உயிர் இருந்தது. "ஈ மொய்ச்சிருந்துச்சு. கண்ணு முழிச்சிக் கெடந்துச்சு." துரை ஒன்றும் திட்டவில்லையாம். அதன்பின் இந்த ரைபிளால் அவர் உயிருள்ள எதையும் சுட்டதில்லை. அப்படியானால் ஐந்து வருஷம் கழித்து ஏன் விலை கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வேற எவன் கையிலயும் போயிரப்பிடாதுல்லா?" என்றார். அது முழுப் பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இந்த ரைபிளைத் தொடும் விதத்தில் வாஞ்சையும் இருக்கிறது.

துப்பாக்கியின் மேல் எனக்குக் காதல் இல்லை. குடகு மலையில் கைல்போள்து பண்டிகையன்று துப்பாக்கிக்குப் பூச்சூட்டுகிறார்கள். அங்கே லைசென்ஸே வேண்டாம் என்ற விலக்கு 1861லிருந்து தொடங்கி, இப்போது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாடு எங்கும் வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நம் சட்டம் கடுமையாக இருப்பது நல்லதுதான். ஆனால் கடுமை வேறு, அக்கறையின்மை வேறு. வாரிசு இல்லாமல், அல்லது மனு எழுதத் தெரியாத வாரிசோடு, லைசென்ஸ்காரர் இறந்துபோனால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்கோ டீலரிடமோ போகிறது. சிலது திரும்பி வருகிறது. பலது அங்கேயே துருப்பிடித்து உருக்குக்குப் போகிறது. ஜிம் கார்பெட்டுக்கு 1907ல் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளை, அதைச் செய்த லண்டன் கம்பெனியே 2015ல் வாங்கிப் பத்திரப்படுத்தியது. அவர் கார்பெட். மூணாறின் தோட்டத் தமிழர் ஒருவர் ஐம்பது வருஷம் ஒரு விரல் துரு இல்லாமல் வைத்திருந்ததற்கு எந்தக் கண்ணாடிப் பெட்டியும் காத்திருக்கவில்லை. குழலை அடைத்து, சுட முடியாதபடி செய்து, மியூசியத்திலோ பள்ளியிலோ வைக்க ஒரு சுலபமான வழி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக ஒப்படைக்கும்.

அண்ணாச்சிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அடைத்த குழல் அவருக்குப் பிணம். 2016ம் வருஷத்து ஆயுத விதிகளில் வேறொரு வழி இருக்கிறது. லைசென்ஸ்காரருக்கு எழுபது வயதாகிவிட்டாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அவருக்கு இரண்டு தகுதியும் உண்டு. மகன் வேண்டாம் என்றுவிட்டான். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றான், அதில் தப்பில்லை. கோவையில் வேலை பார்க்கும் மகள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி, போலீஸ் விசாரணை எல்லாம் அவளுக்குப் புதிதாக உண்டு. விண்ணப்பத்தின் தமிழை மலையாளமாக்கித் தரத்தான் இரண்டாம் முறை என்னைக் கூப்பிட்டார். அது 2024 டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை.

மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தகப்பனார் ரைபிளைக் கையில் கொடுக்கவில்லை. பாய்மேல் வைத்து, வாய் சுவரைப் பார்க்கத் திருப்பினார்.

"முதல்ல என்ன?"

"பெட்டியக் கழட்டணும். போல்ட்ட இழுக்கணும். பாக்கணும்."

"பொறவு?"

"விரல விட்டுப் பாக்கணும். இப்பதான் பாத்தீங்கன்னு யாரு சொன்னாலும்."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கதை அவள் காதுக்கும் போயிருக்கிறது. போல்ட்டை உருவி வைத்துவிட்டு, குழலின் முன்வாயை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, பின்வாயில் கண்ணை வைத்தாள். உள்ளே பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்றாகத் திரும்பிப் போகும் அந்த வரிப்பள்ளம் எனக்கும் ஒருமுறை காட்டப்பட்டது. சங்கின் உட்புறத்தைப் பார்ப்பது போல இருக்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே தடவிக்கொண்டே வந்த விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க என்னப்பா, வெள்ளையா?"

"அது எலெக்‌ஷன்" என்றார் அண்ணாச்சி.